வெயிலில் உலர்த்திய காப்பூர் விதைகள்

அக்காசியா மரத்தைத் திட்டுகிறவர்கள் யாரும் அதன் விதையைக் கையில் வாங்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். கறுப்பாக, பளபளவென்று, நுனியில் ஆரஞ்சு நிற நூல் ஒன்று சுருண்டிருக்க, அவ்வளவு அழகாக இருக்கும். அழகை விடுங்கள், குணத்தைச் சொல்ல வேண்டும். காயவைத்துப் போத்தலில் போட்டு மூடினால் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். வேண்டும்போது எடுத்துக் கொதிநீரை ஊற்றி, ஒரு நாள் ஊறவிட்டு விதைத்தால் முளைத்து வந்து நிற்கும். இவ்வளவு சொன்ன பேச்சைக் கேட்கிற ஜீவன் என் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது.

மலேசியாவில், ஜோகூர் மாநிலத்துக் கோத்தா திங்கியிலிருந்து செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைத் தோட்டங்களைத் தாண்டி ஒரு மணி நேரம் உள்ளே போனால் நான் வேலை செய்யும் நர்சரி வரும். மரத்துக்காகவே மரம் வளர்க்கும் கம்பெனி அது. அக்காசியாவை நட்டு, ஏழெட்டு வருஷத்தில் வெட்டி, பலகைக்கும் காகிதக் கூழுக்கும் அனுப்பிவிட்டு, அதே இடத்தில் மறுபடி நடுவார்கள். அதற்கு முன் நான் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் ஷிப்டு வேலை பார்த்தேன். அங்கே ஆள் குறைத்தபோது என்னையும் குறைத்தார்கள். என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். அவர் பக்கமே குடிவந்து, இந்த நர்சரியில் சேர்ந்து, இரண்டே வருஷத்தில் மண்டோர் ஆகிவிட்டேன். பதினைந்து பெண்களை வேலை வாங்குகிற பொறுப்பு. வேலை எனக்கு வரும். கோபம் அதைவிடச் சீக்கிரம் வரும்.

கம்பெனிக்குக் கொடுத்த நிலத்தில் ஒரு பகுதியைத் தொடக்கூடாது என்பது சட்டம். ஆற்றோரமாகவும் மலைச்சரிவிலும் இயற்கைக் காடு அப்படியே நிற்கும். அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தார். அரசாங்க வனத்துறையில் வேலை செய்து ஓய்வு பெற்ற பிறகு ஒப்பந்தத்தில் வந்தவர். யாழ்ப்பாண வழியினர். அவர் பேசும் தமிழைக் கேட்க எங்கள் பெண்களுக்கு ஒரே சிரிப்பு, ஆனால் மரியாதையாகச் சிரிப்பார்கள். எல்லாருக்கும் அவர் ‘சார்’தான்.

“இந்த மரத்தை நாங்கள் நட்டு வெட்டுறதே, அந்த மரத்தை ஒருத்தரும் வெட்டாமல் இருக்கிறதுக்குத்தான் பிள்ளை” என்று காட்டுப் பக்கம் கையைக் காட்டுவார். முதல் தடவை கேட்டபோது, சம்பளத்துக்காகச் சொல்கிற பேச்சு என்று நினைத்தேன். அவர் அதை உண்மையாகவே நம்பினார் என்று தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

அவருக்கு ஒரே ஒரு குறை. அவருடைய வரைபடத்தில் இரண்டு காட்டுத் துண்டுகள் இருந்தன. ஆற்றோரக் காடு ஒன்று, மலைக்காடு ஒன்று. இரண்டுக்கும் நடுவே பல் விழுந்த இடம் மாதிரி ஐந்து ஏக்கர் வெற்று நிலம். எந்தக் காலத்திலோ வெட்டிய மரங்களை அடுக்கிவைத்த களம் அது. மண் இறுகிப்போய், லாலான் புல் மண்டிக் கிடந்தது. யானை, மான், கரடி எல்லாம் அந்த வெட்டவெளி வரை வந்து திரும்பிப் போய்விடும். அங்கே காட்டு மரங்களை நட்டுவிட்டால் இரண்டு காடும் ஒன்றாகிவிடும். கம்பெனி மேனேஜர் அதற்குச் சம்மதித்திருந்தார். ஆனால் அக்காசியா அந்த மண்ணிலும் வரும் என்பது அவருக்கும் தெரியும். “உங்க நாற்று வர்ற வரைக்கும்தான் காத்திருப்பேன், வரலைன்னா நம்ம நாற்றுதான்” என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

நாற்றுக்கு விதை வேண்டுமே! அங்கே நட நினைத்த காட்டு மரமான காப்பூர், அக்காசியா மாதிரி வருஷா வருஷம் காய்க்காது. சாருக்குத் தெரிந்து கடைசியாகக் காய்த்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. வானத்தை முட்டுகிற உயரம் அது. இலையைக் கசக்கி முகர்ந்தால் கற்பூர வாசம் அடிக்கும். நம் ஊர்க் கோயில்களுக்குப் பச்சைக் கற்பூரம் ஒரு காலத்தில் இந்த மாதிரி மரத்திலிருந்துதான் கப்பலேறிப் போனது என்று சார் சொன்னபோது, அத்தனை நாளும் அந்த மரத்தைக் கும்பிடாமல் இருந்துவிட்டோமே என்றுகூட எனக்குத் தோன்றியது.

அந்த வருஷம் ஒரு நீண்ட வெயிலுக்குப் பிறகு மலைக்காடு பூத்தது. நான்கைந்து மாதத்தில் காய்கள் விழத் தொடங்கின. ஐந்து இறக்கை வைத்த விதைகள் பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டே இறங்கின. அவற்றைப் பொறுக்கி வந்தவள் என் கூட்டாளி.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜக்குன் இனத்துப் பெண், இந்தக் காட்டின் பூர்வகுடி. என் வயதுதான் இருக்கும். தினக்கூலிக்கு வருவாள். நான் அவளைக் ‘காக்’ என்பேன், அவளும் என்னைக் ‘காக்’ என்பாள். மலாயில் அக்கா என்று அர்த்தம். யார் மூத்தவள் என்று கடைசி வரை இருவரும் விசாரிக்கவில்லை. பேச்செல்லாம் மலாயில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன். பதினைந்து பெண்களில் என் கோபத்துக்குப் பயப்படாதவள் அவள் ஒருத்திதான். நான் கத்தினால், மழை விடட்டும் என்று காத்திருக்கிறவள் போல நிற்பாள்.

ஒரு வாரத்தில் பதினொரு சாக்கு விதை சேர்த்தாள். அந்த நேரம் பார்த்து சாருக்குச் சிரம்பானில் மகள் கல்யாணம். புறப்படுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார்.

“நிழலில் வையுங்கோ. ஈர மரத்தூள் போட்டு வையுங்கோ. பாலிபேக்கில் மண் நிரப்ப நிரப்ப விதைச்சுக்கொண்டே போங்கோ. பத்து நாளில் வந்திடுவன்.”

“சரி சார், நீங்க கல்யாணத்தப் பாருங்க, நான் பாத்துக்கறேன்” என்றேன்.

மறுநாள் கூட்டாளியின் மகளுக்குக் காய்ச்சல். அவளும் கம்பத்துக்கு, தன் கிராமத்துக்குப் போய்விட்டாள். நர்சரியில் அக்காசியாவுக்காக நிரப்பிய பைகள்தான் இருந்தன. காப்பூருக்கு முந்நூறு பைகூட நிரம்பவில்லை. மண் லோரி வர நான்கு நாள் ஆகும் என்றார்கள். சரி, இருக்கட்டும், சாக்கு எங்கே ஓடிவிடப் போகிறது என்று விட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு சாக்கைப் பிரித்தேன். உள்ளே கையை விட்டால் சூடு. விதைகள் வெடித்து வெள்ளை வெள்ளையாக வேர் நீட்டியிருந்தன. நடுநடுவே பூஞ்சணம். முடை நாற்றம். ஆறு வருஷம் காத்திருந்த விதை என் கையில் அழுகிப்போகப் போகிறது என்று நினைத்தேன்.

அப்போது எனக்குள் ஒரு எண்ணம் வந்தது. சார் படித்த மனிதர், காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும். விதையைக் கையாண்டு அவருக்கு என்ன பழக்கம்? சாக்குக்குள்ளேயே இப்படி அழுகுகிற விதையை ஈரத்தில் வைப்பாரா யாராவது? எங்கள் வீட்டில் வெண்டை, பாகல், கத்தரி எந்த விதையானாலும் அடுப்புச் சாம்பலில் புரட்டி, வெயிலில் காயவைத்துத்தான் எடுத்து வைப்போம். அம்மாவும் அப்படித்தான், மாமியாரும் அப்படித்தான், நான் வளர்ந்த எஸ்டேட்டில் பத்து வீடு தள்ளிக் கேட்டாலும் அப்படித்தான். மிளகாய், வடகம், ஊறுகாய்க்கு மாங்காய் எல்லாவற்றுக்கும் எங்களுக்குத் தெரிந்த ஒரே காவல் வெயில். நர்சரியில் நான் கற்றுக்கொண்ட அக்காசியாவும் அதைத்தான் சொன்னது.

பெண்களைக் கூப்பிட்டேன். நீலக் கன்வாஸ் மூன்றை முற்றத்தில் விரிக்கச் சொன்னேன். உணவுக்கடையிலிருந்து இரண்டு வாளி விறகுச் சாம்பல் வாங்கி வரச் செய்தேன். பதினொரு சாக்கையும் கொட்டி, நீட்டிய வேரையெல்லாம் கிள்ளிப் போட்டு, சாம்பலில் புரட்டி வெயிலில் பரப்பினோம். ஒருத்தி மட்டும், “அக்கா, சார் நெழல்லதானே வைக்கச் சொன்னாரு?” என்றாள். “சார் வந்து பூசணத்தப் பாத்துட்டு யாரத் திட்டுவாரு, உன்னையா என்னையா?” என்று அவள் வாயை அடைத்தேன். மூன்று நாள் நல்ல வெயில். மழை வந்துவிடுமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வராமல் இருந்ததற்குச் சாமிக்கு நன்றிகூடச் சொன்னேன். விதைகள் கலகலவென்று காய்ந்தன. காலால் தள்ளிப் புரட்டும்போது அந்தச் சத்தம் கேட்க எனக்கு அவ்வளவு திருப்தி.

காயப்போட்ட நான்காம் நாள் கூட்டாளி வந்தாள். முற்றத்தைப் பார்த்து நின்றாள். குனிந்து ஒரு விதையை எடுத்துப் பாராங் கத்தியால் பிளந்தாள். பிறகு இன்னொன்று, அப்புறம் இன்னொரு கன்வாஸிலிருந்து ஒன்று. பச்சையும் ஈரமுமாக இருக்க வேண்டிய உட்புறம் பழுப்பேறிச் சுருங்கிக் கிடந்தது.

“காக், இது செத்துப்போச்சு” என்றாள்.

“என்ன செத்துப்போச்சு? விதைன்னா காயத்தான் வேணும்.”

“இது அந்த மாதிரி விதை இல்ல. விழுந்த உடனே முளைக்கும். இதுக்குக் காத்திருக்கத் தெரியாது.”

நான் அவளைத் திட்டினேன். உனக்கு விதையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவளைப் பார்த்துக் கேட்டேன். அவள் கன்வாஸ் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு விதையாகப் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்தாள், ஏதாவது ஒன்று தப்பியிருக்காதா என்று. அவள் அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மண் வந்ததும் அத்தனையையும் விதைத்தேன். காலையும் மாலையும் நானே தண்ணீர் விட்டேன், வேறு யாரையும் விடவில்லை. அக்காசியா முளைக்கிற நாள் போயிற்று, அதற்கு இரண்டு மடங்கு நாளும் போயிற்று. ஒரு பையிலும் பச்சை தெரியவில்லை. பைகளில் பாசி பிடித்தது. அந்த வரிசைகளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மற்ற பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள்.

சார் கல்யாணத்திலிருந்து வந்த அன்றே அவரிடம் சொல்லிவிட்டேன். சாம்பல் ஒட்டிய கன்வாஸ் அங்கேயே கிடந்ததால் மறைக்கவும் வழியில்லை. எனக்காகக் கொண்டுவந்திருந்த கல்யாண லட்டுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், மனது ஆறியிருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அடுத்தது எப்ப சார் காய்க்கும்?” என்று கேட்டேன்.

“அது அந்த மரத்துக்குத்தான் தெரியும். என்ர ஒப்பந்தம் இன்னும் நாலரை வருஷம்” என்றார். லட்டுப் பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அந்த லட்டை வீட்டுக்குக் கொண்டுபோய், பெட்டியைப் பிரிக்காமலே வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து மேனேஜர் வந்தார். முளைக்காத வரிசைகளைப் பார்த்தார். பொறுமையான மனிதர், அன்றைக்கு அவருக்கும் அவசரம். “என்ன ஆச்சு? அந்தக் காட்டுக்காரி பழைய விதையைப் பொறுக்கிட்டு வந்துட்டாளா?” என்று கேட்டார். கூட்டாளி நான்கடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தினக்கூலி, நாளைக்கு வர வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரு மூச்சு நேரம் நான் பேசாமல் இருந்தேன். அந்த ஒரு மூச்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அப்புறம் ‘காட்டுக்காரி’ என்ற அந்த வார்த்தை எனக்குள் போய்க் குத்தியது. கோபம்தான் என்னைக் காப்பாற்றியது, நல்ல குணம் இல்லை.

“விதை நல்ல விதை துவான். நான்தான் வெயில்ல போட்டுக் கொன்னேன். சார் சொன்னதக் கேக்கல. இவ சொன்னப்பவும் கேக்கல” என்று மலாயில் கத்தியே சொல்லிவிட்டேன்.

மேனேஜர் “அலமாக்” என்று நெற்றியில் தட்டிக்கொண்டார். கூட்டாளி பக்கம் திரும்பி மன்னிப்புக் கேட்டார். அதற்காக அவரை எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் நிலத்தை அவர் விடவில்லை. “அடுத்த வருஷ மழைக்கு நடவு. அதுக்குள்ள எத்தனை காட்டு நாற்று கொண்டுவர்றீங்களோ, அத்தனையும் நடுங்க. மீதி இடத்துல அக்காசியா” என்றார்.

மூன்று மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் அந்த நிலத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் வேண்டும். எங்களிடம் ஒன்றுகூட இல்லை.

வழி சொன்னவள் கூட்டாளிதான். நாங்கள் பொறுக்காமல் விட்ட விதைகள் தாய்மரங்களின் அடியில் தாமாகவே முளைத்திருக்கும். அந்தக் கன்றுகளைப் பெயர்த்துக் கொண்டுவரலாம். சாரும் சம்மதித்தார். ஆனால் அவருக்கு அதிலும் ஒரு விதி. ஒரு மரத்தடியில் பத்துக் கன்று இருந்தால் ஒன்றைத்தான் எடுக்கலாம். ஒரு காட்டைப் பிடுங்கி இன்னொரு காடு செய்யக்கூடாது என்பார். முக்கால்வாசியைக் காட்டுப்பன்றிகள் ஏற்கெனவே தின்றுவிட்டிருந்தன. ஆறு வாரம் அட்டைக்கடியோடு மலை ஏறினோம். கன்றுகள் விரல் நீளம்தான் இருக்கும், இரண்டு மூன்று இலைகள். என் கை அக்காசியாவுக்குப் பழகிய கை, முரட்டுக்கை. முதல் நாள் பாதி வேரை அறுத்துவிட்டேன். கூட்டாளி என் மணிக்கட்டைப் பிடித்து, “பொறுமையா காக், யாரும் துரத்தல” என்றாள். கடைசியில் மண்ணோடு தூக்கப் பழகினேன். நிழல்பந்தலுக்குக் கீழே ஒரு வருஷம் வளர்த்தோம். பிழைத்தவை அறுநூறுக்குக் கொஞ்சம் குறைவு.

வேண்டியதில் கால்வாசி. சார் வரைபடத்தில் ஆற்றோரமாக ஒரு கோடு கிழித்து, “இவ்வளவுதான் எங்களுக்கு” என்றார். அந்தக் கோடு மலைக்காட்டைத் தொடவில்லை. கால் தூரத்திலேயே நின்றுவிட்டது. பாதியில் நிற்கும் பாலத்தில் எந்த யானை நடக்கும்?

நடவுக்கு முதல் நாள் நாங்கள் மூவரும் களத்தில் நின்றோம். கூட்டாளி மலைக்காட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், அங்க பெரிய மரமெல்லாம் மூணு மீட்டருக்கு ஒண்ணா நிக்குது?”

“இல்லை. அதுகள் தள்ளித் தள்ளித்தான் நிக்கும்.”

“அப்ப நாமும் தள்ளித் தள்ளி நடலாம். ரெண்டு பக்கமும் ரெட்டிப்பா தள்ளினா நிலம் முழுக்க வரும்.”

சார் மனசுக்குள் கணக்குப் போட்டார். ஆறு மீட்டருக்கு ஒன்று. சரியாக வந்தது. ஆனால் அவர் முகம் மலரவில்லை. “நடுவில் அவ்வளவு இடம் விட்டால் லாலான் ஏறும். அதைவிட மோசம், சுற்றிவர இருக்கிற அக்காசியா விதை எல்லாம் வந்து விழுந்து முளைக்கும். ஒரே வருஷத்தில் எங்கட கன்றை மூடிப்போடும். ஆர் களை எடுக்கிறது? அதுக்குக் கம்பெனி ஆள் தராது.”

“நான் எடுக்கறேன்” என்றேன்.

“எப்ப?”

“ஞாயித்துக்கிழம.”

மேனேஜரிடம் போனோம். அவர் யோசித்து ஒரு நிபந்தனை வைத்தார். மூன்று வருஷம் பார்ப்பார். அதற்குள் நிலம் அக்காசியாவும் லாலானுமாகிவிட்டால் முழுவதையும் தள்ளிவிட்டு அக்காசியா நடுவார். காட்டுக் கன்றுகள் தலைதூக்கி நின்றால் ஐந்து ஏக்கரும் காட்டோடு சேரும். எனக்கு அந்த நிபந்தனை நியாயமாகத்தான் பட்டது.

அப்படித்தான் என் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதற்குப் போனாலும் கண் வானத்தில் இருக்கும். மழை பெய்தால் அக்காசியா முளைக்கும். என் நர்சரியில் நான் கொதிநீர் ஊற்றிக் கெஞ்சி எழுப்பும் அதே சாதி, இங்கே யாரும் கேட்காமலே பாய் விரித்த மாதிரி முளைத்து வந்தது. “ஆறு நாள் சம்பளம் வாங்கிட்டு வளக்கற, ஏழாவது நாள் சும்மா போய்ப் பிடுங்கற. ஒன்ன மாதிரி ஆள நான் பாத்ததே இல்ல லா” என்று வீட்டுக்காரர் சிரிப்பார். சிரித்துக்கொண்டே லோரியில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். கூட்டாளி அநேகமாக எல்லா வாரமும் வந்தாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை, அவள் தப்பும் செய்யவில்லை. ஏன் வருகிறாய் என்று ஒரு தடவை கேட்டேன். “நீ தனியாப் பேசிக்கிட்டே பிடுங்கற. பாக்கப் பாவமா இருக்கு” என்றாள்.

இரண்டாம் வருஷம் ஒரு ஞாயிறு போனால் நடுவரிசையில் பன்னிரண்டு கன்றுகள் நசுங்கிக் கிடந்தன. பக்கத்தில் யானைச் சாணம், இன்னும் ஈரமாக. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மலையைப் பார்த்து யானையின் பரம்பரையையே திட்டினேன். கூட்டாளி சாணத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வாய்கொள்ளாமல் சிரித்தாள். “காக், அது திரும்பிப் போகல. குறுக்கே போயிருக்கு. தடத்தப் பாரு!” தடம் ஆற்றிலிருந்து மலை வரை ஒரே கோடாகப் போயிருந்தது. பன்னிரண்டு கன்று போன வருத்தத்தை மறந்து, அந்தத் தடத்தின் மேலேயே மலை வரை நடந்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் வருஷம் முடிந்து மேனேஜர் வந்தார். சாரும் வந்தார், அவர் ஒப்பந்தத்தில் சில வாரங்களே மீதி இருந்தன. இரண்டு மணி நேரம் வரிசை வரிசையாக நடந்தார்கள். காப்பூர்க் கன்றுகள் பல என் உயரத்துக்கு நின்றன, சில என்னைத் தாண்டிவிட்டன. நடுநடுவே நாங்கள் நடாத காட்டுச்செடிகளும் பறவை போட்ட விதையிலிருந்து வந்திருந்தன. மேனேஜர் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தார். காரின் முன்பக்கத்தில் வரைபடத்தை விரித்து, அந்த ஐந்து ஏக்கரில் கையெழுத்துப் போட்டார்.

“இனிமே இது காடு” என்றார்.

சார் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார். நான் எதையும் மறைக்கவில்லை, நன்றாகவே அழுதேன். கூட்டாளி என் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் மேனேஜர் வண்டியின் பின்னாலிருந்து ஒரு பலகையை இறக்கினார். பாதுகாக்கப்பட்ட காடு, அனுமதியின்றி நுழையத் தடை என்று மலாயில் எழுதியிருந்தது. காடு என்று ஆகிவிட்டால் கம்பெனி ஆட்கள் யாரும் உள்ளே போகக்கூடாதாம்.

“நான்கூடவா?” என்று கேட்டேன்.

“நீங்களும்தான்.”

“களை?”

“ஓரத்துல வர்றத கம்பெனி பாத்துக்கும். உள்ள இனிமே அதுவே பாத்துக்கும்.”

நான் சாரைப் பார்த்தேன். அவர் எனக்காகப் பேசுவார் என்று நினைத்தேன்.

“அந்த விதியை எழுதினதே நான்தான் பிள்ளை” என்றார் மெதுவாக. “நானும் இனி உள்ளுக்குப் போகேலாது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமை, அறுநூறு கன்றில் எது எங்கே நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், கடைசியில் எனக்கே தடையா என்று கத்தினேன். என் கத்தலில் நியாயம் இல்லை என்று எனக்கே தெரிந்ததும் நிறுத்திக்கொண்டேன். இந்தக் கையெழுத்துக்காகத்தானே அத்தனை வாரமும் வந்தோம்.

பலகைக்குக் குழி தோண்டியதும் நாங்கள்தான். கூட்டாளி கம்பத்தை நேராகப் பிடித்துக்கொண்டாள், நான் மண் தள்ளி மிதித்தேன். கார்கள் போய்விட்டன. வீட்டுக்காரர் லோரி வருவதற்கு நேரம் இருந்தது. பலகைக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்து ஆளுக்கொரு பொட்டலம் சாப்பாடு பிரித்தோம்.

“நீ போவியா உள்ள?” என்று கேட்டேன்.

“எங்க ஆளுங்க காட்டுக்குள்ள போக எப்ப யார்கிட்ட அனுமதி கேட்டோம்?” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உனக்கு எல்லாத்தையும் வந்து சொல்றேன், காக்” என்றாள்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது பார்த்தேன். பலகைக்கு அந்தப் பக்கம், ஒரு முழம் உள்ளே, ஒரு சின்ன அக்காசியா. இரண்டு இலை விட்டிருந்தது. கூட்டாளியும் பார்த்தாள். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

நான் பலகைக்கு இந்தப் பக்கம் முழங்காலிட்டு, வயிறு மண்ணில் படுகிற வரை குனிந்து, கையை மட்டும் உள்ளே நீட்டி, வேரோடு பிடுங்கி எடுத்தேன்.